போணி ஆகாத நாள்

சியோல்
அக்டோபர் 25, 1981, ஞாயிறு

அன்புள்ள தேசொபுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் இங்கே கை காலோடு இருக்கிறோம், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அந்த மணல்காட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். இங்கே குளிர் வந்துவிட்டது. உன் பழைய கம்பளிச் சட்டையை நான்தான் கடைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன், கோபித்துக்கொள்ளாதே, சவூதியில் உனக்கு அது எதற்கு. உன் அக்கா கும்ஹீ போன வாரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய் போட இந்த வருஷமாவது ஒரு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போய் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். வழக்கமாக அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன், நடுவில் என் கையெழுத்தைக் குறை சொல்வாள். இன்று சந்தைக்கு விடுமுறை, அவள் பொதுக் குளியல் கூடத்துக்குப் போயிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் நான் இதை எழுதி முடிக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. அப்படி ஒரு கடிதத்தை எழுதும் பிள்ளையையா வளர்த்தோம் என்று நான் கேட்கப் போவதில்லை, கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நீ என்ன எழுதியிருந்தாய்? நான் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணின்மேல் அம்மா கடையில் வைத்து உப்பை அள்ளி வீசினாளாமே, அந்த வீட்டில் எனக்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை என இன்சுக் எழுதியிருக்கிறாள், அவளுக்கு இடம் இல்லாத வீட்டுக்கு நானும் வரவில்லை, மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்றெல்லாம்தானே. நான் ஒரு முட்டாள், உறையைப் பிரித்ததும் கடையில் உட்கார்ந்தபடியே அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட ஆரம்பித்துவிட்டேன். பாதியில் நிறுத்தவும் முடியவில்லை. அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கண்ணாடிக்காரியா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. இன்ச்சோனில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண், பெயர் இன்சுக், இதைத் தவிர நீ எங்களிடம் என்ன சொல்லியிருந்தாய்? ஒரு புகைப்படம் அனுப்பினாயா? அவள் எங்களைப் பார்க்க வருவாள் என்றாவது எழுதினாயா? உனக்கே தெரியாமல்தான் வந்தாள் என்கிறாய், சரி. செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலை. கல்யாண சீசன் தொடங்குகிற நேரம், ஆனால் வியாபாரம் உனக்கு நினைவிருக்கிற மாதிரி இல்லை. கீழே பாசிப்பயறு அடைக்காரிகள் அப்போதுதான் கல்லைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள், பன்றிக் கொழுப்பு வாசனை மாடி ஏறி வந்து பட்டில் ஒட்டிக்கொள்கிறது என்று அம்மா தினமும் போலத் திட்டிக்கொண்டிருந்தாள். நான் மாடிப்படியில் இரண்டு முறை துணிச் சுருள்களைச் சுமந்து ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். சுமைக்காரர்கள் முதுகுச் சட்டத்தோடு வழி வழி என்று கத்திக்கொண்டு போனார்கள், அக்கா இங்கே வாங்க, தங்கச்சி தொட்டுப் பாரு, தொட்டா துணி தேஞ்சா போயிடும் என்று இரண்டு பக்கமும் எல்லாரும் கூவிக்கொண்டிருந்தார்கள். அந்த நெரிசலில் ஒரு பெண் மற்ற எந்தக் கடையையும் திரும்பிப் பார்க்காமல் நேராக நம் கடைக்கு வந்து நின்றாள். மெலிந்த பெண், சாம்பல் நிறக் கோட்டு, மூக்குக் கண்ணாடி.

கண்ணாடி போட்ட பெண் முதல் ஆளாக வந்தால் டாக்ஸிக்காரன்கூட நிறுத்தமாட்டான் என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். இருந்தாலும் வாம்மா உட்கார் என்றாள். "கல்யாணப் பையனோட அம்மா உடுத்திக்கத் துணி வேணுங்க" என்றாள் அந்தப் பெண். பையனின் அம்மா என்றால் நீலம்தானே. அம்மா வெளிர் நீலத்தில் தொடங்கினாள். அது இல்லை இது, இது இல்லை அது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து, நாங்கள் உட்கார்கிற பலகை முழுக்க நீலமாகி, அம்மாவே உள்ளே மறைகிற அளவுக்குத் துணி ஏறிவிட்டது. அந்தப் பெண் விலை கேட்கவில்லை. துணியைவிட அம்மாவின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தாள், எதையாவது திருட வந்தவளோ என்றுகூட எனக்கு ஒரு சந்தேகம். "உங்களுக்கே எடுக்கிறதா இருந்தா எதை எடுப்பீங்க?" என்று கேட்டாள். "நான் விக்கிறவ, எனக்கு எதுக்கும்மா" என்றாள் அம்மா, குரலில் எரிச்சல் வந்துவிட்டது. பிறகு அந்தப் பெண் எழுந்து, யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, வாடிக்கையாளர் குனிவதைவிட மிக அதிகமாகக் குனிந்து கும்பிட்டுவிட்டு நடந்தாள். போணி நேரத்தில், கண்ணாடியோடு, ஒரு சாண் துணிகூட வாங்காமல். உன் அம்மாவின் கை தானாகவே உப்பு டப்பாவுக்குள் போய்விட்டது. மற்ற நாளில் ஆள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பீடை போகட்டும் என்று வீசுவாள், அன்றைக்கு ஆத்திரத்தில் பொறுக்கவில்லை. உப்பு கோட்டின் முதுகிலும் தலைமுடியிலும் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.

இப்போது யோசித்தால் எல்லாம் புரிகிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் துணி எடுத்துத் தர வேண்டும். பிறந்ததிலிருந்து துணிக்குள்ளேயே இருக்கிறவளுக்கு எதைத் தருவது? அதனால் எது பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள். அந்தத் துணியை அவளிடமே எப்படிக் காசு கொடுத்து வாங்குவாள்? வாங்காமல்தான் போக முடியும்.

அம்மாவின் போணி நம்பிக்கை வெறும் மூடத்தனம், அந்தச் சந்தையே ஒரு பழைய மூடத்தனம் என்று எழுதியிருந்தாய். முதலாவது உண்மையாகவே இருக்கட்டும். இரண்டாவதை மட்டும் இன்னொரு முறை என்னிடம் சொல்லாதே. ஜப்பான்காரன் வந்து ஊர் வியாபாரத்தை எல்லாம் கைக்குள் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், சந்தை ஒன்றாவது நம் கையில் இருக்கட்டும் என்று நம் வியாபாரிகள் காசு சேர்த்துத் தொடங்கிய இடம் இது. போரில் இடிந்து கிடந்ததை நானே கண்ணால் பார்த்தேன். ஹம்ஹுங்கிலிருந்து கப்பலில் தப்பி வந்தவன் நான், இந்தச் சந்தையில் பாதிப் பேர் என் மாதிரி வடக்கே வீட்டை விட்டுவிட்டு மூட்டையோடு வந்தவர்கள்தான். இன்றைக்கு மேலே பாலமும் கீழே சாலையுமாகக் கார் ஓடுகிறதே, அங்கே அப்போது நாற்றமடிக்கிற ஓடை ஓடியது. அதன் கரையில் ஒரு பலகை போட்டு உன் அம்மா கடை வைத்தாள். அமெரிக்கப் பட்டாளத்துச் சட்டைகளைக் கறுப்புச் சாயத்தில் முக்கி விற்போம், எங்கள் கை நகம் எல்லாம் கறுப்பு. ஒரு நாள் காலை முதலில் வந்தவன் மூட்டை முழுவதையும் கலைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போனான். அன்று மத்தியானம் போலீஸ் வந்து பட்டாளத்துத் துணி என்று மூட்டையோடு அள்ளிக்கொண்டு போனது. கும்ஹீ அப்போது வயிற்றில். அன்று ராத்திரி நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். அந்த முதல் ஆள் வேவு பார்க்க வந்தவனாக இருக்கும் என்று நான் அன்றே சொன்னேன். அவள் கேட்கவில்லை. போணி கெட்டதால் குடி கெட்டது என்று மனசில் விழுந்துவிட்டது. அதிலிருந்து முதல் காசை வாங்கினால் தூ தூ என்று துப்பி நெற்றியில் ஒற்றிக்கொள்வாள், முதல் ஆள் வாங்காமல் போனால் உப்பு. நீ படித்தது, கும்ஹீ படித்தது, இந்த வீட்டுக் கூரை, எல்லாம் அந்தப் போணியில் வந்தது என்று அவள் நினைக்கிறாள். இதை எப்படி அவளிடமிருந்து பிடுங்குவது, சொல்.

உன் கடிதம் வந்த பிறகு வீடு வீடாக இல்லை. நான் காலையில் சுருள் சுமந்து, பகலில் அவளுடைய மௌனத்தைச் சுமந்து, ரொம்பக் களைத்துப் போனேன் தேசொபா. எனக்கு வயது அறுபதை நெருங்குகிறது, உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கிற வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. இன்ச்சோனுக்கு ஒரு நடை போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வரலாமே என்று அம்மாவிடம் சொன்னேன். "மாமியார்க்காரி போய் மருமக முன்னாடி கைகட்டி நிக்கணுமா? போணி நேரத்துல கடையத் தலைகீழாக்கிட்டுப் போனா உப்பப் போடாம பூவையா போடுவாங்க?" என்று சீறினாள். சீறினாளே ஒழிய, அவள் கை சரியாக இல்லை. இளஞ்சிவப்பு கேட்டவளுக்கு நீலத்தை வெட்டினாள். கொசுறு என்று கேட்காதவர்களுக்குக்கூட அரை கெஜம் சேர்த்துக் கிழித்துக் கொடுத்தாள். ஒரு தரம் துணி மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போல, "ரெண்டு வருஷம்னா எனக்கு முட்டி ரெண்டும் போயிடும், அவன் வரும்போது படியேறி வந்து கடையில யாரப் பாப்பான்" என்றாள். உன்னைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்கிற பயம் அவளுக்கு. எனக்கும் அந்தப் பயம் உண்டு, எழுதாமல் இருந்தேன், இப்போது எழுதிவிட்டேன்.

இனி போன வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலையிலிருந்து குளிர் மழை. வெளியூர்க் கடைக்காரர்கள் யாரும் பஸ் ஏறவில்லை போலிருக்கிறது, மாடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். படியை ஒட்டிப் போர்வைக் கடை வைத்திருக்கிற கேசொங் ஊர்க்கார அக்காவை உனக்குத் தெரியும், சின்ன வயசில் அவள் போர்வைக் குவியலில் ஏறிக் குதித்து அடி வாங்கியிருக்கிறாய். அவள் நம் கடைக்கு வந்து, தேவையே இல்லாமல் ஒரு பட்டைத் தடவிக்கொண்டே, "கும்ஹீ அம்மா, எனக்கு இதுல ரெண்டு கெஜம் வெட்டிக் குடேன்" என்றாள். "பக்கத்துக் கடைக்காரி பண்ற போணி போணியில்ல அக்கா, உன் காசு எனக்கு எதுக்கு, என்ன விஷயம்?" என்று அம்மா கேட்டாள். அவள் குரலைத் தாழ்த்தி, "அந்தத் தூண் பக்கத்துல ஒரு பொண்ணு கடை திறந்ததுலேருந்து நிக்குது. என்னம்மா வேணும்னு கேட்டேன். அந்தக் கடையில இன்னும் போணி ஆகலைங்களே, யாராவது வாங்கட்டும், அப்புறம் போறேன், நான் முதல்ல போனா அவங்களுக்கு ஆகாதுன்னு கீழ அடைக்காரம்மா சொன்னாங்கன்னு சொல்லுது. உள்ள வந்து உக்காருன்னா மாட்டேங்குது" என்றாள்.

நான் எட்டிப் பார்த்தேன். அதே சாம்பல் கோட்டு, தோள் நனைந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியும் ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது இல்லாமல் அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது போல, போகிறவர்கள் எல்லாரும் இடித்துக்கொண்டு போனார்கள், அவள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். போய்க் கூட்டி வரட்டுமா என்று எழுந்தேன், "உக்காருங்க" என்று அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் முதுகு முழுக்கக் கண்ணாக உட்கார்ந்திருந்தாள். இவளும் எழுந்து போகமாட்டாள், அவளும் போணி ஆகாமல் வரமாட்டாள். வாழ்க்கையில் ஒரு வாடிக்கைக்காக நான் அவ்வளவு வேண்டிக்கொண்டது இல்லை. ஒரு வழியாக ஒரு அம்மாள் வந்தாள். அதைக் காட்டு இதைக் காட்டு என்றாள், விலையைக் கேட்டாள், பாதிக்குக் கேட்டாள். மற்ற நாளாக இருந்தால் உன் அம்மா போகிறவளைப் படி வரைக்கும் போய்த் திருப்பிக் கூட்டி வந்திருப்பாள். அன்று அவள் பேரமே பேசவில்லை, அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள். அம்மாவின் கை பழக்கத்தில் உப்பு டப்பாவுக்குள் போயிற்று. தூண் பக்கம் ஒரு முறை பார்த்தாள். உப்பை அப்படியே விட்டுவிட்டுக் கையை எடுத்து இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானம் நூடுல்ஸ்காரி தலையில் தட்டோடு வந்து வழக்கம்போல ரெண்டா என்று கேட்டாள். "மூணு" என்றாள் அம்மா. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. கிண்ணம் மூன்றும் பலகையில் வந்து உட்கார்ந்தன. அப்புறம், வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அந்தச் சந்தைக் குரலில், "ஏம்மா, அங்க தூண்கிட்ட நிக்கிற பொண்ணே, கால் வலிக்கலையா?" என்று கூப்பிட்டாள். இன்சுக் பயந்துபோய், "இன்னும் போணி ஆகலைங்களே அம்மா" என்றாள். உன் அம்மா, "வீட்டு ஆளுக்கு என்னடி போணி! செருப்பக் கழட்டிட்டு மேல ஏறி உக்காரு, சூப் ஆறுது" என்றாள்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டுக்கொள், வாய்க்குப் போவது தெரியவேண்டாமா என்று நான் சொன்னேன். போட்டுக்கொண்டு கிண்ணத்தின்மேல் குனிந்தாள், ஆவியில் கண்ணாடி இரண்டும் வெள்ளையாகிவிட்டன. அவள் அழுகிறாளா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா கையை நீட்டி அவள் முகத்திலிருந்து கண்ணாடியை எடுத்தாள். பக்கத்தில் இருந்த சுருளின் முனையை இழுத்து அதைத் துடைத்தாள். ஈரக் கையோடு வாடிக்கை தொட்டாலே சண்டைக்குப் போகிறவள், கடையிலேயே நல்ல பட்டு அது, மழை விட்ட வானம் மாதிரி ஒரு நீலம். நன்றாகத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னும் ஒரு தரம் துடைத்து, தன் கையாலேயே அவள் காதில் மாட்டிவிட்டாள். "அன்னிக்குக் கேட்டியே, எனக்குன்னா எதை எடுப்பேன்னு. இதைத்தான்" என்றாள். அந்தப் பெண் அவசரமாகப் பையைத் திறந்து காசை எடுக்கப் போனாள், அம்மா அந்தக் கையில் ஒரு அடி போட்டாள். ஆகவே அன்றைக்கு நம் கடையில் போணி ஆகவில்லை. சாயங்காலம் வரைக்கும் ஆகவில்லை.

அவ்வளவுதான் விஷயம். மன்னிப்பு என்று ஒரு சொல் இரண்டு பக்கமும் யாரும் சொல்லவில்லை, நீயும் எழுதிக் கேட்டு எதையும் கிளறாதே. அம்மா குளியல் கூடத்துக்குப் போயிருக்கிறாள் என்று மேலே எழுதினேன் அல்லவா, தனியாகப் போகவில்லை. இன்சுக் இன்ச்சோனிலிருந்து முதல் ரயிலில் வந்துவிட்டாள். கும்ஹீ கல்யாணமாகிப் போனதிலிருந்து முதுகு தேய்த்துவிட ஆள் இல்லை என்று அம்மா ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் முனகுவாள், இன்று முனகாமல் போனாள். எனக்கும் இன்றைக்குத்தான் கொஞ்சம் உட்கார முடிந்திருக்கிறது.

வெயிலில் வெறுந்தலையாக நிற்காதே, கட்டட வேலையில் உயரத்தில் ஏறும்போது இடுப்புக் கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார், பட்டாணிச் சோறு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. இன்சுக்குக்கு ஒரு நல்ல கடிதம் எழுது, எனக்கு எழுதிய மாதிரி இல்லாமல். எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைமேல் இருக்கிறது, மண்ணுக்கு அடியில் வடக்கே படுத்திருக்கிற உன் தாத்தாவின் ஆசீர்வாதமும் சேர்த்து. ஒன்றை மட்டும் மறக்காதே: ஒப்பந்தத்தை நீட்டுகிற அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றால் நாளைக் காலையிலேயே போய்க் காலில் விழுந்தாவது திரும்ப வாங்கிவிடு, அந்த நீலத்தை அம்மா நேற்றே வெட்டித் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

மார்ச்சில் விமான நிலையத்தில், உன் கம்பளிச் சட்டையோடு காத்திருக்கப் போகும்

உன் அப்பா